சூஜோவில் நான் எழுப்பிய ஆயிரத்து இருநூறு பேர்

தூங்குகிறவர்களை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவர்களை எழுப்ப முடியாது என்பார்கள். இரண்டாவது வகை ஆட்களோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு (கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது). இந்த ஒப்புதல் வாக்குமூலம் முதல் வகை ஆட்களைப் பற்றியது. சீன தேசத்தில், பட்டப்பகலில், யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த ஆயிரத்து இருநூறு பேரை ஒரே கையால் எழுப்பித் தெருவுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். எங்கள் வீட்டில் இந்தக் கதையை என்னைத் தவிர எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். என் பக்க நியாயத்தையும் ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். எழுதிப் பார்த்தால் நியாயம் ஒன்றும் பெரிதாக இல்லை.

எனக்கு ஊர் கெலமங்கலம். வேலை ஓசூரில், வண்டிகளுக்கு எலெக்ட்ரானிக் பலகைகள் செய்யும் ஒரு கம்பெனியில். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்துவிட்டு மெஷின் மெயின்டெனன்ஸில் சேர்ந்தேன். சேர்ந்தபோது ஒரு வருடத்தில் பர்மனென்ட் என்றார்கள். ஏழு வருடம் கழித்தும் கான்ட்ராக்ட்தான். கான்ட்ராக்ட் ஆட்கள் கழுத்தில் மஞ்சள் பட்டை, பர்மனென்ட் ஆட்கள் கழுத்தில் நீலப் பட்டை. எந்த மெஷின் நின்றாலும் மஞ்சள் பட்டை செல்வியைத்தான் கூப்பிடுவார்கள். மெஷின் ஓட ஆரம்பித்ததும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது நீலப் பட்டைகள். (வயிற்றெரிச்சல்தான். ஒத்துக்கொள்கிறேன்.)

இப்படி இருக்கும்போது கம்பெனி சீனாவிலிருந்து ஒரு புது மெஷின் வரிசையை வாங்கியது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒருவர் சூஜோ என்ற ஊருக்கு மூன்று மாதம் போக வேண்டும். ஷாங்காய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் தேர்வான நீலப் பட்டையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் தப்பாக இருந்தது. இரண்டாவது நீலப் பட்டையின் மனைவிக்கு அது ஒன்பதாவது மாதம். என்னிடம் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. எப்போதோ துபாய் போகலாம் என்று என் வீட்டுக்காரர் மஞ்சுநாதன் ஒரு வாரம் கனவு கண்டபோது எடுத்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“செல்வி, அங்க ட்ரெயினிங் ஹெட்டா ஒரு மேடம் இருக்காங்க. மொத வாரம் உன்ன பாப்பாங்க. ஆள் சரின்னு பட்டா வெள்ளிக்கிழமை கையெழுத்து போடுவாங்க. மூணு மாசம் முடிச்சிட்டு வா, நீலப் பட்டை என் பொறுப்பு. கையெழுத்து போடலைன்னா அடுத்த பிளைட்டுல திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

ஏழு வருடம் காத்திருந்தது இப்போது ஒரு சீன மேடத்தின் பேனாவில் வந்து நின்றது. நான் போகிறேன் என்றேன். என் மாமியார் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் சாதாரணப் பேச்சு தமிழில் நடக்கும், மாமியாருக்குக் கோபம் வந்தால் தெலுங்கில் நடக்கும். அந்த இரண்டு வாரமும் இரண்டு மொழியிலும் பேச்சு இல்லை. ஆறு வயதுப் பெண்ணை விட்டுவிட்டு எந்த மருமகள் சீனாவுக்குப் போவாள் என்பது அந்த மௌனத்தின் அர்த்தம். கிளம்புகிற அன்று மட்டும் நாலு கிலோ ராகி மாவை என் பெட்டியில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சூஜோவில் ஒரு சனிக்கிழமை இறங்கினேன். அந்த ஊரைப் பார்த்து நான் அசந்து போனதை மறைக்கப் போவதில்லை. ஷாங்காய் ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரைக்கும் கார் ஒரு பள்ளத்தில்கூட இறங்கவில்லை. ஓசூர் ரிங் ரோட்டில் பழகிய உடம்பு இது, ஒவ்வொரு திருப்பத்திலும் தானாகவே குலுங்கத் தயாராகி ஏமாந்தது. ஹாரன் சத்தமே இல்லை. தெருவெல்லாம் கரன்ட்டில் ஓடும் ஸ்கூட்டர்கள். பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. ஒரு அம்மா ஸ்கூட்டருக்கு முன்னால் பூப்போட்ட மெத்தை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார். பாவம், மெத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். அடுத்த சிக்னலில் இருபது மெத்தைகள் நின்றன. குளிர்காற்று முழங்காலில் அடிக்காமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடாம். தேன்கனிக்கோட்டை ரோட்டில் மார்கழிக் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது என் முழங்கால் மரத்துப் போகுமே, நமக்கு ஏன் இது தோன்றவில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்குக் கொடுத்த வீடு பதினேழாவது மாடியில். கதவுக்குச் சாவி கிடையாது, எண்ணை அழுத்தித் திறக்க வேண்டும். நான் பத்து நிமிடம் தப்புத் தப்பாக அழுத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா வந்தார். என் கையிலிருந்த சீட்டைப் பார்த்து அழுத்தித் திறந்துவிட்டு, நான் செருப்போடு உள்ளே போகப் பார்த்ததும் என் காலைச் சுட்டிக்காட்டி அதட்டினார். எனக்கு உடனே ஊர் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனேன். ஒரு பெரியவர் துடைப்பம் நீளத்துக்கு ஒரு தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் எழுதிக்கொண்டிருந்தார். கடைசி வரி எழுதுவதற்குள் முதல் வரி காய்ந்து போனது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எங்கே போனாலும் குடிக்க வெந்நீர்தான். குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க வருகிறது, வேர்த்து விறுவிறுத்து வருகிறவனும் அதைத்தான் ஊதி ஊதிக் குடிக்கிறான். அத்தனை பெரிய ஊரில் அத்தனை ஜனம் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடந்தது. இந்த ஊருக்கு ஒரு குறையும் வைக்காமல் நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை.

கம்பெனி வாசலில் லின் என்ற பெண் காத்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், இங்கிலீஷ் பேசுவாள், எனக்கு வழிகாட்ட அவளைத்தான் போட்டிருந்தார்கள். நாலாவது மாடியில் ஒரு பெரிய ஹால், அறுபது பேர் வேலை செய்தார்கள். ட்ரெயினிங் ஹெட் ஃபாங் மேடம் கடைசியில் கண்ணாடி அறையில் இருந்தார். ஐம்பது வயது, கட்டையாக வெட்டிய முடி. என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த ஒரு பார்வைக்கே ஊரில் மெமோ வாங்கிய பயம் வந்தது. லின் எனக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொடுத்தாள். ஆபத்து மணி அடிக்கும் சிவப்புப் பெட்டியைக் காட்டினாள். மணி அடித்தால் எல்லாரும் கூட வேண்டிய மைதானத்தை நாளைக்குக் காட்டுவதாகச் சொன்னாள். நான் அந்தச் சிவப்புப் பெட்டியை மனதில் நன்றாகக் குறித்துக்கொண்டேன்.

பதினொன்றே முக்காலுக்குச் சாப்பாடு. பதினைந்து நிமிடத்தில் எல்லாரும் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார்கள். “நான் மேலே போய் ரெஸ்ட் எடுக்கிறேன், நீ மெதுவாக வா” என்றாள் லின். நம் ஊரில் ரெஸ்ட் என்றால் இரண்டு நிமிடம் போனைப் பார்ப்பது. நான் தோட்டத்துப் பக்கம் போய் வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன்.

“சாப்டியா?” என்றார் மஞ்சுநாதன்.

“ஆச்சுங்க. இங்க எல்லாமே நல்லா இருக்குதுங்க.”

“கையெழுத்து போட்டாங்களா?”

“இன்னும் ஒரு நாளுகூட முழுசா ஆவலை. அதுக்குள்ள கேட்டா எப்பிடிங்க.”

“சரி சரி. பாத்து நடந்துக்க. எதையும் தொட்டுகிட்டு இருக்காத.”

பின்னால் மாமியார் குறுக்கே போனார். போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுபடி நாலாவது மாடிக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. கதவைத் திறந்தேன். உள்ளே இருட்டு. விளக்கெல்லாம் அணைந்திருந்தது, ஜன்னல் திரைகள் இறங்கியிருந்தன. குப்பென்று ஒரு வாடை அடித்தது. கேஸ் சிலிண்டரையும் அழுகிய வெங்காயத்தையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டிய வாடை. கண் இருட்டுக்குப் பழகியதும் பார்த்தேன். அறுபது பேரும் விழுந்து கிடந்தார்கள். சிலர் மேசைமேல் கவிழ்ந்து, சிலர் நாற்காலியில் தலை பின்னால் தொங்க, வாய் திறந்தபடி. நடைவழியில் இரண்டு பேர் தரையோடு தரையாகக் கிடந்தார்கள். ஒருவர் கை மேசையிலிருந்து கீழே தொங்கியது. எங்கும் ஒரு சத்தமில்லை.

இந்த இடத்தில் என் கடந்தகாலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓசூரில் எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு இரண்டு முறை மாக் ட்ரில் நடக்கும். விஷவாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒத்திகை. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எல்லாருக்கும் முன்பே தெரியும், அன்றைக்கு கேன்டீனில் போண்டாவும் உண்டு. மயங்கி விழுந்தவராக நடிக்க ஒரு ஆள் வேண்டும். ஸ்ட்ரெச்சரில் தூக்க லேசாக இருப்பேன் என்று ஏழு வருடமும் என்னையே போட்டார்கள். எப்படி விழ வேண்டும் என்று சேஃப்டி ஆபீசர் ஆரோக்கியம் சார் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தலை மேசைமேல், கை தொங்க வேண்டும், வாய் லேசாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு வருடம் நான் நடித்த நடிப்புக்கு ஸ்டீல் டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். ஆகவே விஷவாயுவில் மயங்கியவர் எப்படி இருப்பார் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். என் எதிரே அறுபது செல்விகள் கிடந்தார்கள்.

ஆரோக்கியம் சாருக்குத் தூத்துக்குடிப் பக்கம். அவர் குரல் என் காதில் கேட்டது. “கிட்டப் போவாதிய. ஈரத்துணிய மூக்குல கட்டுங்க, மணிய அடிங்க, வெளிய ஓடுங்க. ஒரு ஆளு விழுந்த எடத்துல ரெண்டு ஆளு விழக்கூடாது, கேட்டியளா.”

கேட்டேன். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. துப்பட்டாவில் கவிழ்த்து மூக்கில் இறுக்கிக் கட்டினேன். அந்த ஊர்க் குழாயில் வருவது வெந்நீர் என்று சொன்னேன் அல்லவா. பாட்டிலை நிரப்பி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. மூக்கு வெந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. விஷவாயு என்னையும் பிடித்துவிட்டது என்று அதிலேயே எனக்கு உறுதியாகிவிட்டது.

அப்போதுதான் லின்னைப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்து மேசையில் கவிழ்ந்து கிடந்தாள். “லின், லின்” என்று கூப்பிட்டேன். அசையவில்லை (காதில் பஞ்சு வைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது). விதிப்படி நான் ஓடியிருக்க வேண்டும். ஆனால் காலையில் எனக்காக வாசலில் நின்ற பெண் அவள். அவளுடைய நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. தோளைப் பிடித்து நிமிர்த்தி, நாற்காலியோடு இழுத்தேன். அவள் கால்கள் தரையில் உராய்ந்து நாற்காலியை நிறுத்தப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே மாடிப்படிவரை இழுத்துவிட்டு, சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்து பட்டனை அழுத்தினேன்.

மணி அலறியது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. செத்துக் கிடந்த அறுபது பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள்.

நான் கத்தினேன். என் கத்தலில் லின் கண்ணைத் திறந்தாள். மேசையில் தலை வைத்துப் படுத்தவள், நாற்காலியோடு மாடிப்படிக்கு முன்னால், முகத்தில் ஆவி பறக்கும் துணியைக் கட்டிய ஒரு உருவத்தைப் பார்த்தபடி விழித்தாள். அவளும் கத்தினாள். நான் அவளை அப்படியே விட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினேன்.

நாலு மாடியும் இறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த்தான் நின்றேன். எங்கள் ஓசூர் ட்ரில்லில் எல்லாரும் ஓடிக் கூடுமிடம் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை. ஸ்ட்ரெச்சரில் என்னை இறக்கிவைப்பதும் அங்கேதான், கால் அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. அங்கே டீக்கடை இல்லை, ஒரு மரம் இருந்தது. மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான காட்சிகளில் அதுவும் ஒன்று என்று சொன்னால் நம்ப வேண்டும். ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் வரிசை வரிசையாக ஜனங்கள் வந்தார்கள். ஒருவர் ஓடவில்லை, ஒருவர் தள்ளவில்லை. மைதானத்தில் கட்டம் போட்டு எண் எழுதியிருந்தது, அவரவர் கட்டத்தில் போய் நின்றார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒருவர் பெயரைப் படித்தார், பதில் வந்தது. நாங்கள் போண்டாவுக்கு நிற்கும் வரிசைகூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்தியது. எல்லார் கையிலும் தலையணை இருந்தது. ஒருவர் போர்வையைத் தோளில் போர்த்தியிருந்தார். இரண்டு பேர் மடக்குக் கட்டிலைத் தூக்கி வந்திருந்தார்கள். ஃபாங் மேடம் பன்றிக்குட்டி வடிவத்தில் இருந்த ஒரு ரோஸ் நிறத் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவர் வாய் நிறையக் கொட்டாவி விட்டார்.

அந்தக் கொட்டாவியில்தான் எனக்கு உண்மை புரிந்தது. இவர்கள் மயங்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். நீலப் பட்டை போயிற்று.

அப்படியே ஓசூருக்கு நடந்தே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, முதுகில் சிலிண்டர் கட்டிய நாலு பேர் கட்டடத்துக்குள் ஓடினார்கள். எனக்குப் புரிந்துவிட்டது: மற்ற எல்லாருக்கும் கணக்கு சரியாக இருக்கிறது, நாலாவது மாடியில் ஒருவரைக் காணோம், அதுவும் வெளிநாட்டுப் பெண், உள்ளே மயங்கிக் கிடக்கிறாளோ என்று தேடப் போகிறார்கள். அதற்குமேல் மரத்தடியில் நிற்க மனசு கேட்கவில்லை. ரோட்டைக் கடந்து, கேட்டுக்குள் வந்து, ஆயிரத்து இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நனைந்த துப்பட்டாவும் தக்காளி மூக்குமாக மைதானத்தின் குறுக்கே நடந்தேன். கெலமங்கலம் சந்தையில் எங்கள் ஊர்த் தக்காளிக்கே அப்படி ஒரு சிவப்பு கிடையாது.

கண்ணாடி அறையில் விசாரணை. ஃபாங் மேடம் சீனத்தில் கேட்டார், லின் இங்கிலீஷில் சொன்னாள், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் பதில் சொன்னேன். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“என்ன பார்த்தாய்?”

சொன்னேன்.

“அந்த வாடை?”

லின் தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பிட்டு முடித்து யாரோ டுரியன் பழம் வெட்டியிருக்கிறார்கள். (அந்தப் பழத்துக்குத் தமிழில் முள்நாறி என்று பெயர் வைத்தவர் நேர்மையான மனிதர்.)

“உங்கள் கம்பெனியில் மத்தியானம் தூங்க மாட்டீர்களா?”

“கண்ணை மூடினால் மெமோ கொடுப்பார்கள் மேடம். மூன்று மெமோ வந்தால் வேலை இல்லை.”

லின் மொழிபெயர்த்ததும் அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே என்னைவிடப் பரிதாபமான ஜீவன் இல்லை என்பதுபோல ஒருவர் எனக்கு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

“விஷவாயு என்று நினைத்தாய். உங்கள் விதிப்படி யாரையும் தொடாமல் ஓட வேண்டும். லின்னை ஏன் இழுத்தாய்?”

“அங்கே எனக்குப் பெயர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் மேடம்” என்றேன்.

லின் அதை மொழிபெயர்த்தாள். ஃபாங் மேடம் நோட்டில் நீளமாக எழுதினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு களிம்பை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“மூக்கில் போடு. அடுத்த தடவை குளிர்ந்த தண்ணீர். கையெழுத்து விஷயம் வெள்ளிக்கிழமை பார்க்கலாம். நாளைக்குத் தலையணை கொண்டு வா.”

மறுநாள் மத்தியானம் விளக்கு அணைவதற்கு முன்னால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு அட்டை நின்றது. அறுபது அட்டையிலும் இங்கிலீஷில் ஒரே வாசகம், லின் கைப்பட எழுதியது: ‘உயிரோடு இருக்கிறேன்.’ எல்லாரும் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுக் கவிழ்ந்தார்கள். கண்ணாடி அறையில் பன்றிக்குட்டித் தலையணைக்குப் பக்கத்திலும் ஒரு அட்டை இருந்தது.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஏழு வருடம் வேலை இடத்தில் கண் சொருகினாலே தொடையைக் கிள்ளிக்கொண்டு பழகியவள். கண்ணை மூடினால் செக்யூரிட்டி வந்து பெயர் எழுதுவதுபோலவே இருக்கும். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் தூங்குவதுபோல நடித்தேன். டிபன் பாக்ஸ் வாங்கிய நடிப்பு. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு செருப்புச் சத்தம் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போகும். ஃபாங் மேடம்தான். அவரிடம் டிபன் பாக்ஸ் பலிக்கவில்லை என்று தெரிந்தது. காலையும் மாலையும் மெஷினில் வெறியாக வேலை கற்றுக்கொண்டேன். மத்தியானம் மட்டும் தோற்றேன்.

ஊரையும் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். புதன்கிழமை ஒரு சர்வீஸ் வேலையாக மத்தியானம் வெளியே கூட்டிப்போனார்கள். அந்தப் பெரிய ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. முடி வெட்டுகிறவர் தன் சுழல் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கினார். காய்கறிக்காரம்மா முட்டைக்கோஸ் மூட்டைமேல் தூங்கினார். சாப்பாடு கொண்டு கொடுக்கும் பையன்கள் ஸ்கூட்டர் சீட்டில் படுத்து, காலை ஹாண்டில்பாரில் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். ஒருவன்கூடக் கீழே விழவில்லை. வண்டியில் கிடந்த சாமானை யாரும் எடுக்கவில்லை. இப்படி வேகமாக ஓடுகிற ஊர், உழைக்கிறவன் ஒரு மணி நேரம் கண்ணை மூடுவதைக் குற்றமாக நினைக்காமல் விளக்கை அணைத்து வழிவிடுகிறதே என்று நினைத்தேன். எங்கள் லைனில் மத்தியானம் கண்ணெரிய நிற்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன். பொறாமையாக இருந்தது, மரியாதையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. கையெழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மத்தியானம் விளக்கு அணைந்தது. சரி, போவதுதான் போகிறோம், நடிப்பாவது வேண்டாம் என்று தலையணையில் முகத்தை வைத்தேன்.

எழுந்தபோது ஹாலில் எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாதி விளக்குதான் எரிந்தது. என் பக்கத்து விளக்குகளை மட்டும் போடாமல் விட்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி. தூக்க நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மெமோ என்று துள்ளி எழுந்தேன். கன்னத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிய்த்துப் பார்த்தால் என்னுடைய ட்ரெயினிங் படிவம். அடியில் சிவப்பு முத்திரை, பக்கத்தில் ஃபாங் மேடத்தின் கையெழுத்து. நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது வந்து போட்டிருக்கிறார்.

“எழுப்பியிருக்கலாமே” என்றேன் லின்னிடம்.

“மேடம் வேண்டாம் என்று சொன்னார்” என்றாள். “இதற்கு முன் இங்கே வந்தவர்கள் நாங்கள் தூங்குவதைப் படம் எடுப்பார்கள், சிரிப்பார்கள். எங்களைக் காப்பாற்றப் பார்த்த முதல் ஆள் நீதான், தூங்கட்டும் என்றார்.”

நான் அந்த ஹாலில் உட்கார்ந்து அழுதேன். யாரோ வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மூன்று மாதம் முடித்துத் திரும்பினேன். மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நீலப் பட்டை கழுத்தில் ஏறிய அன்று மஞ்சுநாதன், “இனிமே நீ ஆபீசருதான்” என்று சொல்லி, சக்கரம் வைத்த ஒரு கறுப்பு நாற்காலியை வாங்கி வந்து வீட்டு ஹாலில் போட்டார். ஒரு மாதம் அதில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருந்தது.

கதை அதற்குள் கெலமங்கலம் முழுக்கப் பரவிவிட்டது. மஞ்சுநாதன் சொல்லும்போது ஆயிரத்து இருநூறு பேர் ஐயாயிரம் ஆகிவிடுவார்கள், சில நாள் ராணுவம்கூட வரும். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வீட்டில் எல்லாரும் ஹாலில் உருண்டு கிடப்பார்கள். நான் பாத்திரம் கழுவிவிட்டு உள்ளே வந்தால், கண்ணைத் திறக்காமலே மஞ்சுநாதன் கையைத் தூக்குவார்.

“செல்வி, உசுரு இருக்குது. மணி கிணி அடிச்சிடாத.”

அடுத்து கொழுந்தனார் கை தூக்குவார். அப்புறம் அவர் மனைவி. கடைசியில் என் பெண். மாமியார் மட்டும் சுவரோரம் பாயில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார், கை தூக்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெண் கேட்டாள். “அம்மா, நெஜமாவே நாங்க எல்லாரும் மயங்கிக் கெடந்தா, நீ மொதல்ல யார இழுப்ப?”

மஞ்சுநாதன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கொழுந்தனாரும் பார்த்தார். ஒரு பெயரைச் சொன்னால் அன்று ராத்திரி வீட்டில் சோறு பொங்காது. மெயின்டெனன்ஸ் ஆளாக யோசித்துப் பதில் சொன்னேன்.

“யாரு சக்கரம் வெச்ச சேர்ல இருக்காங்களோ அவங்களத்தான். மத்தவங்கள இழுக்க என்னால முடியாது.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், நாற்காலியிலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பாயை விரிக்காமல், அதில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த நாற்காலி வேறு யாருக்கும் கிடைப்பதில்லை. தூங்கும்போது கால்களை மட்டும் தரையில் படாமல் மடக்கி மேலே வைத்துக்கொள்கிறார். இழுக்கும்போது தடுக்கக் கூடாதாம்.